மணி அடிக்கும் இரண்டு நம்பர்கள்

விழுப்புரம்
2 ஆகஸ்ட் 2025

அண்ணா,

கல்யாணத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. வேறு வழி வைத்தாயா நீ? உன் போனை விசாரணைக் குழு வாங்கி வைத்துக்கொண்டது, சரி. அம்மா போனில் கூப்பிட்டால் "அவன் கொல்லைல கீறான்மா" என்கிறாள். இருட்டிய பிறகு, கொட்டுகிற மழையில், மல்லாட்டை போட்ட கொல்லையில் உனக்கு என்ன வேலை? பொய் சொல்லச் சொல்கிறாய், அதையாவது அம்மாவுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?

டிவியில் இப்போது அதைக் காட்டுவதில்லை. என் கண்ணை விட்டுத்தான் போகவில்லை. மழையில் ஓடுபாதையை விட்டு இறங்கி, மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்ற விமானம். உள்ளே நீ. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிகிற வரை சாமி படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள், பின்னால் உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணுக்கு மட்டும் முதுகில் அடி என்றார்கள். அவள் எப்படி இருக்கிறாள்? கேட்டால் இவர் பேச்சை மாற்றுகிறார்.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ ஓட்டும் அதே கம்பெனியில், எந்த விமானத்துக்கு எந்த பைலட் என்று ஆள் போடும் வேலை இவருக்குக் கிடைத்தபோது எவ்வளவு பீற்றிக்கொண்டேன். அண்ணன் பறக்கிறான், புருஷன் பறக்கவிடுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சரிடமும் சொன்னேன். இப்போது அந்த டீச்சர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

நேற்று இவர் என்னிடம் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன்.

"கலை, உங்கண்ணனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அன்னைக்கு உன் போன்லேர்ந்து போன காலைப் பத்திக் கேப்பாங்க. பாப்பா காதுகுத்து விஷயமா பேசிக்கினு இருந்தோம்னு சொல்லட்டும். அது ஒண்ணும் பொய் இல்லியே."

பொய் இல்லைதான். காதுகுத்து பற்றிப் பேசினீர்கள். ஆனால் அது மட்டுமா பேசினீர்கள்?

பதில் எழுதினால் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வரும் எதையும் இப்போது இவர்தான் முதலில் பிரிக்கிறார்.

கலைப்பிரியா

*

திண்டிவனம்
7 ஆகஸ்ட் 2025

கலை,

கொல்லையில்தான் இருந்தேன். மழை விட்ட பிறகு. ஊரில் ஒரு ஆள் விடாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிளேனைக் கவிழ்த்தவன் எப்படி இருப்பான் என்று பார்க்க வேண்டாமா? கொல்லைக்குப் போனால் அப்பா மட்டும்தான் இருப்பார். அவர் களை எடுப்பார், நானும் எடுப்பேன்.

அம்மா போனில் நீ கூப்பிட்டபோது நான் பேசாததற்குக் காரணம் வக்கீல் பிரான்சிஸ். விசாரணை முடிகிற வரை மாப்பிள்ளை வீட்டோடு போனில் பேச்சே கூடாது, பேசினால் கலந்து பேசி ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று ஆகிவிடும் என்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. இந்தக் காலத்தில் யாராவது எழுதுவார்கள் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

நீ கேட்டதை, நீ கேட்பதற்கு முன்பே செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்ட அன்றைக்கே விசாரணைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பறப்பதற்கு முன் ஓய்வில் இருந்தபோது உங்கள் தங்கை நம்பரிலிருந்து ஒரு கால் வந்திருக்கிறதே, என்ன விஷயம் என்றார்கள். தங்கை மகளுக்குக் காதுகுத்து, தாய்மாமன் நான், என் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அதற்குத் தேதி கேட்டாள் என்றேன். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. மடியின் முக்கியத்துவத்தை மற்றவர் அவருக்கு விளக்கினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல், கவலைப்பட வேண்டாம் என்று.

இனி எழுதுவது உனக்கு மட்டும். மேகத்தை விட்டு வெளியே வந்தோம். ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது இடி விழுந்த மாதிரி ஒரு சத்தமும், பக்கத்து சீட்டில் துணை விமானி சேரன் "சார், சார்" என்று கத்தியதும். நடுவில் ஒன்றும் இல்லை. பயந்தேன், குழம்பினேன் என்றாலாவது சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். என் கண் திறந்துதான் இருந்தது என்கிறான் சேரன். மூன்று முறை கூப்பிட்டானாம். கண்ணைத் திறந்துகொண்டு நான் எங்கே போயிருந்தேன் கலை?

அந்தப் பணிப்பெண்ணின் பெயர் அஸ்வினி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்று ஏறும்போது எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "கண்ணெல்லாம் செவந்து கெடக்குது சார், தூங்கலியா?" என்று கேட்டாள். நான் சிரித்துவைத்தேன்.

அறிவு

*

விழுப்புரம்
11 ஆகஸ்ட் 2025

அண்ணா,

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. கவலைப்பட வேண்டாமாம் என்று மட்டும் சொன்னேன். அன்று இவர் குழம்பை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவும்போது அஸ்வினி நினைவுக்கு வந்தாள்.

உன் மேல் எனக்குக் கோபம். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். நீ ஏன் முடியாது என்று சொல்லவில்லை? தொடர்ந்து ராத்திரி விமானம் ஓட்டிவிட்டு அன்று விடிந்துதான் படுத்திருந்தாய். நான் கூப்பிட்டபோது உன் குரலே உன் குரலாக இல்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. இவர் கேட்டால் என்ன? "முடியாது மாப்ள, ஒடம்பு தாங்கல" என்று ஒரு வார்த்தை. அதுகூடச் சொல்ல வராமலிருக்கவா உன்னை அவ்வளவு படிக்கவைத்தார்கள்?

அன்று நடந்ததை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. இவருக்கு லீவு. நான் கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து இவருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார். "உன் போனைக் குடு. உங்கண்ணனைக் கூப்பிட்டு எங்கிட்ட குடு" என்றார். காதுகுத்துத் தேதிக்குத்தான் என்று நினைத்தேன். நான்தான் கூப்பிட்டேன். "அண்ணா, தூங்கினியா?" என்றேன். "ம்" என்றாய். "இரு, இவர் பேசணுமாம்" என்று கொடுத்துவிட்டு அடையைத் திருப்பிப் போடப் போய்விட்டேன். அரைகுறையாகக் காதில் விழுந்தது. "மச்சான், ஒரே ஒரு பிளைட்டு. வேற ஆளே இல்ல. போய்ட்டு வந்துடுங்க, காதுகுத்துக்கு மூணு நாள் லீவு நான் போட்டுத் தர்றேன்." போனைத் திருப்பிக் கொடுக்கும்போது "உங்கண்ணன் தங்கம்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணா.

ஏன் என் போன் என்று நேற்றுக் கேட்டேன். தன் போனில் சார்ஜ் இல்லை என்றார். அந்தப் போனில்தான் அதற்கு முன் ஆபீசோடு பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஏன் என் போன்? நீ சொல்.

கலை

*

திண்டிவனம்
19 ஆகஸ்ட் 2025

கலை,

உன் கேள்விக்குப் பதில் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். விசாரணைக்குச் சென்னை போய்விட்டு வந்தேன். இனிமேல் மறைத்துப் பயனில்லை.

நான் தூங்கும்போது என் போன் எல்லோருக்கும் ஊமை. இரண்டு நம்பர்களுக்கு மட்டும் மணி அடிக்கும். அம்மா, நீ. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த வருஷம் அப்படி வைத்தேன். மாப்பிள்ளைக்கு அது தெரியும். ஒரு தீபாவளிக்குச் சிரித்துக்கொண்டே நான்தான் சொன்னேன். அவர் தன் போனிலிருந்து கூப்பிட்டிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பறப்பதற்கு முன் ஓய்வில் இருக்கிறவனைக் கம்பெனி ஆள் யாரும் எழுப்பக் கூடாது. எழுப்பினால் அந்த ஓய்வு செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டால் அது பதிவாகும். தங்கை அண்ணனைக் கூப்பிட்டால் யார் என்ன கேட்பது?

ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்கிறாய். களைப்பு என்று சொல்பவனுக்குத் தண்டனை இல்லை என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவனுக்கு அடுத்த மாதம் என்ன மாதிரி டூட்டி விழுகிறது என்பதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அது பாதிக் காரணம்தான். கேட்டது கம்பெனி என்றால் ஒருவேளை சொல்லியிருப்பேன். கேட்டவர் மாப்பிள்ளை. கல்யாண மண்டப வாசலில் நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவரிடம் இல்லை என்று சொல்லி நம் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. நான் இல்லை என்றால் அது ஆபீசோடு முடியாது, உன் அடுப்படியில் வந்துதான் முடியும். தூக்கக் கலக்கத்திலும் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. காதுகுத்துக்கு லீவும் வேண்டியிருந்தது. சரி என்றேன். பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

இப்போது விசாரணை. ஓய்வு எடுத்தீர்களா? எடுத்தேன். முழுதாகவா? முழுதாக. அப்படியென்றால் சேரன் மூன்று முறை கூப்பிட்டும் ஏன் பதில் இல்லை? தெரியவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன பெயர்? அலட்சியம். அதைத்தான் எழுதிக்கொண்டார்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய், நான் வெளியே வரக்கூடிய ஒரே கதவையும் சாத்திவிட்டது. சாத்தியவன் நான்தான், யாரைக் கோபித்துக்கொள்வது?

போன வாரம் அஸ்வினியின் அப்பா ராஜாமணி வந்திருந்தார். திண்டிவனத்தில் பஸ் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா செம்பில் தண்ணீர் கொடுத்தார், வாங்கிக் குடித்தார். "சண்டைக்கு வர்ல சார். என் பொண்ணு கண்ணே மூடமாட்டேங்குறா. எதுனால இப்பிடி ஆச்சுன்னு தெரிஞ்சா போதும்ன்றா. அதான் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்" என்றார். நான் மழை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, செம்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அப்பா அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு நோட்டீஸ் வரும் கலை. நம்பர் உன் பெயரில் இருப்பதால் உன்னையும் கேட்பார்களாம். உன்னை இதில் இழுக்கக் கூடாது என்றுதான் அந்தப் பொய்யே சொன்னேன்.

அறிவு

*

விழுப்புரம்
25 ஆகஸ்ட் 2025

அண்ணா,

நோட்டீஸ் வந்துவிட்டது. இவர்தான் பிரித்தார். செப்டம்பர் மூன்றாம் தேதி சென்னைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தினமும் எனக்கு வகுப்பு நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். "போன்ல யாரு பேசுனது?" நான். "எவ்ளோ நேரம்?" கொஞ்ச நேரம். "இன்னா பேசுனீங்க?" காதுகுத்து. "பக்கத்துல உங்க வீட்டுக்காரர் இருந்தாரா?" வெளியே போயிருந்தார். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வாய்ப்பாடு கேட்கிற அதே மாதிரி. நேற்று பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "அம்மா தப்பு பண்ணிட்டாளா?" என்று அவரைக் கேட்டாள்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒருத்தர் என் போனை வைத்து எழுப்பினார். இன்னொருத்தர் என் பெயரைச் சொல்லி அவரைத் தப்பிக்கவைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா இரண்டு பேரும்? தங்கையைக் காப்பாற்றினானாம். நீ காப்பாற்றியதில் நான் எங்கே நிற்கிறேன் பார். உண்மையைச் சொன்னால் பாப்பாவின் அப்பாவுக்கு வேலை போகும், கேஸ் வந்தாலும் வரும். பொய் சொன்னால் என் அண்ணன் அலட்சியத்தால் ஒரு பெண்ணின் காலைப் போக்கினவன் என்று ஆயுசுக்கும் இருப்பான். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் என் வீடுதான் இடிகிறது.

இவர் கெட்டவர் இல்லை அண்ணா. அது உனக்கும் தெரியும். ஆபீசில் இவருக்கு மேலே இருக்கிறவர் எதையும் எழுத்தில் கொடுப்பதில்லையாம். "எப்படியாவது ஆளைப் புடி ஜெகதீசா" என்பாராம், அவ்வளவுதான். விமானம் நின்றால் இவரைக் கேட்பார்கள். கிளம்பிவிட்டால் எப்படிக் கிளம்பியது என்று யாரும் கேட்பதில்லை. நேற்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "மச்சான் ஒரு வார்த்த முடியாதுன்னிருந்தா நான் விட்டிருப்பேன் கலை" என்றார். விட்டிருப்பாரா? நீயே சொல்.

மயிலம் கோயிலில் காதுகுத்துக்கு ஆவணி கடைசி ஞாயிறு என்று எப்போதோ முடிவு செய்தது. தள்ளிப்போட வேண்டாம் என்கிறார் மாமியார். உன் மடிக்கு என்ன சொல்வது?

கலை

*

திண்டிவனம்
28 ஆகஸ்ட் 2025

கலை,

நீ திட்டியது நியாயம்.

மூன்றாம் தேதி போ. காதுகுத்து பற்றித்தான் பேசினோம் என்று சொல்லிவிட்டு வா. இதை நான் மனதார எழுதுகிறேன். மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்துவிடு, வாய்ப்பாட்டில் நீ எப்போதும் கெட்டிதானே. எப்படியும் என் லைசென்ஸ் திரும்பி வரப்போவதில்லை. ஒரு வீடு இடிவதோடு போகட்டும், இரண்டு வேண்டாம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை என்று அம்மா இத்தனை நாளாய் அழுதாள். இப்போது பார்த்தால் அது எவ்வளவு சௌகரியம்.

மடிக்கு நம் பெரியப்பா மகன் மாசிலாமணியைக் கேட்டுக்கொள். அவனும் தாய்மாமன் முறைதான், ஆள் கனம், பாப்பா திமிறினாலும் பிடித்துக்கொள்வான். நான் மயிலத்துக்கு வந்தால் எல்லோரும் குழந்தையைப் பார்க்கமாட்டார்கள், என்னைப் பார்ப்பார்கள். மாமியார் சொல்லாமல் சொல்வதும் அதுதான்.

தூக்கம் மட்டும் வரவில்லை. கண்ணை மூடினால் சேரன் கூப்பிடுவது கேட்கிறது. அன்றைக்கு வேண்டாத நேரத்தில் வந்த தூக்கம், இப்போது கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறது.

அறிவு

*

விழுப்புரம்
5 செப்டம்பர் 2025

அண்ணா,

நீ சொன்னதைச் செய்யலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஒப்பித்துப் பார்த்து, தப்பே வராத அளவுக்குத் தேறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரியாது. "அண்ணி, நல்லாருக்கீங்களா? பசங்க எப்பிடிக் கீறாங்க? சார் தூங்கிக்கினு கீறாரா? கொஞ்சம் எழுப்புங்களேன் அண்ணி, ஒரே ஒரு நிமிஷந்தான்."

அதே குரல். அதே "ஒரே ஒரு". இன்னொரு பைலட்டின் வீட்டில் ஒரு பெண் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் புருஷனின் தோளைத் தொட்டு எழுப்பியிருப்பாள். ஏதோ நல்ல விஷயம் என்று நினைத்திருப்பாள்.

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. இவர் திரும்பிப் பார்த்தார். "இன்னொரு அஸ்வினி வேணுமா உங்களுக்கு?" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். இவர் கத்தவில்லை. தொட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்து அழுதுவிட்டார். "நான் எழுப்பலன்னா வேற எவனாவது எழுப்புவான் கலை. என் சீட்டுல அவன் வந்து உக்காந்துக்குவான். நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகையில் நான் கரைந்துபோயிருக்க வேண்டும். எனக்கு அந்த முகம் தெரியாத அண்ணிதான் நினைவில் நின்றாள்.

சென்னைக்கு ரயிலில் இவரும் கூட வந்தார். வாசல் வரைக்கும்தான் விட்டார்கள். உள்ளே மூன்று பேர், அதில் ஒரு அம்மா. அந்த அம்மாதான் கேட்டார். நான் சொன்னது இவ்வளவுதான்.

"போன் என்னுது. தூங்கிக்கினு இருந்த எங்கண்ணனை எழுப்புனது நான். எழுப்பச் சொன்னது எங்க வீட்டுக்காரர். பிளைட்டுக்குப் போகச் சொல்லி அவர்தான் பேசுனார். எங்கண்ணன் சரின்னுட்டான்."

எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப உங்க அண்ணன் எங்ககிட்ட பொய் சொல்லியிருக்கார். அதுவும் குற்றம். உங்களுக்குப் புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். உன்னை வெளியே கொண்டுவருகிறேன் என்று போய், இன்னொரு பூட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் அண்ணா. தெரிந்துதான் போட்டேன். மன்னிக்கிறாயோ இல்லையோ, எனக்கு வேறு தெரியவில்லை.

வெளியே வந்தபோது இவர் வேப்பமரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாட்டிலை என்னிடம் நீட்டினார். தாம்பரத்தில் ரயில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்தோம். திண்டிவனத்தில் ரயில் நின்றது. சன்னல் வழியாக நம் ஊர் மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எறங்கணும்னா எறங்கிக்கோ. பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்றார்.

எழுந்து நின்றேன். கதவு வரைக்கும் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது இவருக்கு வேலை இல்லை. நேற்றே போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மாமியார் என் கையால் தண்ணீர் கூட வாங்குவதில்லை. மயிலத்துத் தேதி மட்டும் அப்படியே இருக்கிறது. மாசிலாமணி அண்ணனை நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

கலை

*

திண்டிவனம்
10 செப்டம்பர் 2025

கலை,

எனக்கும் கம்பெனி நோட்டீஸ் வந்துவிட்டது. இரண்டு குற்றம். விசாரணையில் பொய் சொன்னது ஒன்று. களைப்பாக இருந்தும் சொல்லாமல் பறந்தது இன்னொன்று. போன மாதம் வரை நான் நன்றாகத் தூங்கிய அலட்சியக்காரன், இந்த மாதம் தூங்காத பொய்யன். மாப்பிள்ளை எழுப்பியது அவராகவே செய்த காரியமாம், கம்பெனிக்குத் தெரியாதாம். "ஆளைப் புடி" என்றவரின் பெயர் அந்த நோட்டீசில் எங்கும் இல்லை. பிரான்சிஸ் வக்கீல் படித்துவிட்டு, "மேலேர்ந்து கீழ வர்ற வழி பூரா உங்க ஒரு குடும்பத்துலயே முடிச்சிட்டானுங்க" என்றார்.

உன்னை மன்னிக்க என்ன இருக்கிறது? பைத்தியமே.

திங்கட்கிழமை சென்னைக்குப் போய் அஸ்வினியைப் பார்த்தேன். ராஜாமணி வெளியே நின்றுகொண்டார். மழை காரணம் இல்லை அஸ்வினி, எனக்குத் தூக்கம் இல்லை, பாதித் தூக்கத்தில் எழுப்பினார்கள், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் என்றேன். எத்தனையோ வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது. அவள் மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அன்னைக்கே கேட்டேனே சார்" என்றாள். திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மாப்ள சாப்பிடறாரா?" என்றார். அதுதான் நம் வீடு.

ஞாயிற்றுக்கிழமை நான் மயிலம் வருகிறேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி, அங்கிருந்து உங்களோடு சேர்ந்து மலைக்கோயிலுக்கு வருகிறேன். மாப்பிள்ளையைக் கட்டிலிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வா. வரமாட்டேன் என்றால் மச்சான் கூப்பிட்டான், இல்லை என்று சொல்லக் கூடாது என்று சொல். அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. பாப்பா நடுவில் இருப்பாள், அவளைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். தூங்கும்போது மணி அடிக்கும் அந்த இரண்டு நம்பர்கள் அப்படியே இருந்தன. உன் நம்பரை எடுத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எடுக்கவில்லை. நேற்று மதியம் கொல்லையிலிருந்து வந்து படுத்தவன், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். யாரும் எழுப்பவில்லை. போன் தலைமாட்டிலேயே இருந்தது. அங்கே தாங்க முடியாமல் போனால், எந்த நேரமானாலும் கூப்பிடு.

அண்ணன்